வியர்வைச் சுரப்பி நீர்க்கட்டிகள்

மனிதரின் முகத்திலும் வீட்டு விலங்குகளின் தோலிலும் நீர் நிறைந்த சிறு கட்டிகள் சிலவேளை தோன்றுவதுண்டு. கண்டவுடன் முள்ளாற் குத்துவோரும், காய்ச்சிய இரும்பினாற் சுடுவோரும், புற்றுநோயென்று கலங்குவோரும் உளர். தீங்கற்ற கட்டி எது, வைத்தியரிடம் காட்டவேண்டியது எது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

கட்டி உண்டாகும் விதம்

மனிதரின் தோலிலே இருவகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒருவகை உடலெங்கும் பரந்து, தோலின் மேற்புறத்திலே நேராகத் திறக்கும். இவற்றின் வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கின்றது. மற்றையது அக்குள், அரை, கண்ணிமையின் ஓரம் முதலிய இடங்களில் மயிர்க்குழியினுள் திறக்கும். மாட்டின் தோலில் மயிருக்கு ஒரு சுரப்பி வீதம் உண்டு. எருமைக்கு இவை குறைவாதலாலேயே அது வெயில் வேளையிற் சேற்றை நாடுகின்றது.

சுரப்பியின் குழாய் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கி, சுவர் பை போல விரியும். சிலவற்றில் சுரப்பியின் கலங்களும் பெருகும். இவ்வாறு உண்டாவதே நீர்க்கட்டி.

மனிதரில்

இது பெரும்பாலும் கண்ணிமையின் ஓரத்திலும் கன்னத்திலும் காணப்படும். பளபளப்பாகவோ இளநீல நிறமாகவோ இருக்கும், வலி இல்லை, மெதுவாகவே வளரும். முகத்திற் பலவாகத் தோன்றும் சிறு கட்டிகள் வெயிலிற் பருத்து, குளிரிற் சுருங்குவதுண்டு. 1893ஆம் ஆண்டில் ராபின்சன் என்னும் வைத்தியர், வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களிலே தொழில் செய்த பெண்களிடத்து இவற்றைக் கண்டு விவரித்தார். இவை மற்றவரைத் தொற்றமாட்டா.

விலங்குகளில்

வயது முதிர்ந்த நாய்களின் தலையிலும் கழுத்திலும் இக்கட்டிகள் தோன்றுவதுண்டு. பூனையின் கண்ணிமையிலும் காணப்படும். மாடுகளிலோ இவை அரிது. ஆகவே மாட்டின் தோலிற் கட்டி கண்டால், வேறு காரணத்தையே முதலில் ஆராய்தல் வேண்டும். கழுத்திலுள்ள வீக்கம் நுகம் உராய்ந்ததனால் வந்திருக்கலாம். சூடும் வலியும் உள்ள வீக்கம் சீழ்க்கட்டியாகலாம். சொரசொரப்பானது பாலுண்ணியாகலாம். காய்ச்சலுடன் உடலெங்கும் கடினமான கட்டிகள் எழுந்து, பாலும் குறையுமாயின், அது தோற்கழலை நோயாக இருக்கக்கூடும். இந்நோய் 2020ஆம் ஆண்டில் இலங்கையின் வடமாகாணத்திலே காணப்பட்டது. கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் இதனைப் பரப்புவதால், அவ்விலங்கை உடனே மந்தையினின்று பிரித்துக் கட்டுதல் வேண்டும்.

குத்துவதால் வரும் கேடு

நீர்க்கட்டியைக் குத்தினால் நீர் வடியும். ஆனால் அதன் சுவர் உள்ளேயே இருப்பதால் மீண்டும் நிரம்பும். வயலில் இறங்குவோருக்கு இதனிலும் பெரிய ஆபத்து உண்டு. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர் தோலின் காயத்திற் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். மண்ணிலுள்ள கிருமியால் ஏற்புவலியும் வரலாம். இவ்விரண்டும் உயிருக்கே ஆபத்தானவை. தீங்கற்ற ஒரு கட்டிக்காக இத்தகைய காயத்தை உண்டாக்குதல் அறிவுடைமையன்று.

செய்யத்தக்கவை

1. கட்டியைக் குத்துதல், சுடுதல், நசுக்குதல் ஆகாது.

2. அதன் பருமனையும் நிறத்தையும் மாதந்தோறும் கவனித்தல் வேண்டும்.

3. விரைவாக வளர்ந்தாலும், இரத்தம் கசிந்தாலும், புண்ணாகி ஆறாதிருந்தாலும், கருமையடைந்தாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். தோற்புற்று சிலவேளை நீர்க்கட்டி போலவே தோன்றும்.

4. பார்வையை மறைக்கும் கட்டியை வைத்தியர் சுவருடன் அகற்றுவார். அவ்வாறு முழுமையாக அகற்றியது பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை.

5. விலங்கின் கட்டியை அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டல் வேண்டும். நுகத்தால் வந்த வீக்கமாயின், அது ஆறும்வரை எருதை ஏரிற் பூட்டலாகாது.

உழைப்பவரின் தோலும் உழைக்கும் விலங்கின் தோலும் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வேலி போன்றவை. வேலியைத் தாமே வெட்டித் திறவாது காப்பது கமக்காரரின் கடமையாகும்.