நிலத்தின் அடையாளமும் நாயினமும்

ஒரு நிலப்பகுதி தனக்கென விலங்கு, பறவை, மரம், மலர் ஆகியவற்றை அடையாளமாக வகுத்துக் கொள்ளுதல் இக்கால அரசுகளின் வழக்கமாகும். தமிழ்நாடு வரையாட்டையும் மரகதப் புறாவையும் பனையையும் செங்காந்தளையும் இவ்வாறு கொண்டுள்ளது; 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சியும் இவ்வரிசையிற் சேர்ந்தது. நாயினம் எதுவும் இப்பட்டியலில் இல்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நாயினங்கள் இந்நாட்டிற் பெயர்பெற்று விளங்குதலின், அவற்றுள் ஒன்றை அடையாளமாகக் கொள்ளுதல் பொருந்துமா, பொருந்துமாயின் எந்நெறியில் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பிறநாட்டு வழக்கினை நோக்குவோம். அமெரிக்க நாட்டு மேரிலாந்து மாநிலம் 1964இல் செசபீக் விரிகுடா நாயைத் தன் அடையாளமாக ஏற்றது. அவ்விரிகுடாவில் வேட்டுவர் வீழ்த்திய நீர்ப்பறவைகளை நீந்திச் சென்று கொணர்தலே அந்நாயின் தொழில். எனவே நிலமும் தொழிலும் பெயரும் அங்கு ஒன்றுபட்டன. மறு ஆண்டில் பென்சில்வேனியா மாநிலம் கிரேட் டேன் இனத்தை ஏற்றது. இதுவோ செருமானிய நாட்டில் உருப்பெற்ற இனம். அம்மாநிலத்தை நிறுவிய வில்லியம் பென்னின் ஓவியத்தில் இந்நாய் காணப்பெறுதலே அதற்குரிய சிறப்பாயிற்று. கொரிய நாட்டினர் வேறொரு நெறியை மேற்கொண்டனர். சிந்தோ தீவின் நாயை 1962இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்ததோடு அமையாது, 1967இல் அதனைக் காத்து வளர்த்தற்கெனத் தனிச் சட்டமும் இயற்றினர். ஆகவே அடையாளம் என்னும் ஒரு சொல்லின்கண் நிலத்தொடர்பு, வரலாற்று நினைவு, காப்புக் கடமை என்னும் மூன்று பொருள்கள் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம்.

தமிழ் மரபில் இம்மூன்றனுள் முதலாவது மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் கூறும் கருப்பொருள் என்பது ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றின் தொகுதி. இவை தனித்தனிச் சின்னங்கள் அல்ல. ஒரு நிலத்து வாழ்வின் உறுப்புக்கள். விலங்கினைத் தொழிலினின்றும் பிரித்து நோக்குதல் இம்மரபிற்கு உடன்பாடன்று. உரையாசிரியர்கள் பாலைக்குரிய விலங்குகளுள் செந்நாயை எண்ணினர்; அது காட்டு விலங்கு. மனையில் வாழும் நாயோ வேட்டுவரோடும் ஆயரோடும் கூடி அவர்தம் தொழிலின் துணையாக இலக்கியத்தில் வருகின்றது. ஞமலி, ஞாளி என்னும் பெயர்களும், நாயின் இளமையைக் குருளை என்றும் பெண்ணைப் பாட்டி என்றும் வழங்குதற்குத் தொல்காப்பிய மரபியல் இடந்தருதலும் நாய் தமிழர் வாழ்வில் ஊன்றியிருந்தமையைப் புலப்படுத்தும்.

வரலாற்று நினைவிற்கும் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உளது. வீரனுடன் நாயின் உருவும் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் அக்கல்வெட்டால் அறியப்படும். ஈண்டு சிறப்புப் பெற்றது நாயின் நிறமோ வடிவோ அன்று. அதன் செயலே என்பது கருதத்தக்கது.

இனி, இன்றைய இனப்பெயர்களை நோக்குவோம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய மூன்றும் ஊர்ப்பெயர்கள். ஊரின் பெயர் நாய்க்கு ஆகி வருதலின் இவற்றை இடவாகுபெயர் எனலாம். அரசாணை எதுவும் பிறக்குமுன்னரே மக்கள் வழக்கு இவ்விலங்குகளை அவ்வவ் வூர்க்கு உரியனவாக்கி விட்டது. 2005ஆம் ஆண்டு சனவரி 9இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளச் செயலகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பதிவு செய்துள்ளது.

எனினும் இரண்டு இடர்கள் உள. ஒன்று, தொழில் நீங்கியமை. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கும், கோம்பை காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பயன்பட்டவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடுத்தன. அத்தடை வேண்டுவதே; ஆயினும் அதனால் இந்நாய்களுக்குக் காவல் ஒன்றே தொழிலாக எஞ்சிற்று. மற்றொன்று, வடிவினையே போற்றுதல். இராசபாளைய நாய் என்றவுடன் தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே பலர் உள்ளத்தில் தோன்றுகின்றன. ஆனால் அவ்வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் தொடர்புடையது என்பது அறிவியலார் கண்ட உண்மை. சின்னத்திற்கு ஏற்ற வடிவினையே நாடி இனம் பெருக்கின், காவல் நாய்க்கு இன்றியமையாத செவிப்புலனே குன்றும். அடையாளம் அடையாளப் பொருளையே கெடுத்தல் இதுவாகும்.

எல்லை பற்றிய வினாவும் எழுகின்றது. கரிசல் நிலத்து நாயொன்று தமிழகம் முழுமைக்கும் சின்னமாகுமா? திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியை எடுத்துக்கொள்வோம். வயலும் ஏரியும் நிறைந்த அந்நிலத்தில் இன்று உந்துவண்டித் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றின் வாயில்களில் திரியும் நாய்கள் ஊர்ப்பெயர் எதுவும் பெறாத நாட்டு நாய்களே. அந்நிலத்தார்க்கு இராசபாளையம் அயலூர்ப் பெயராகவே நிற்கும். ஆதலின் மாநிலம் முழுமைக்கும் ஓர் இனத்தை வகுத்தலினும், விருதுநகர் மாவட்டத்திற்கு இராசபாளையம், தேனி மாவட்டத்திற்குக் கோம்பை என வட்டார அளவில் வகுத்தலே திணை நெறிக்கு இயைந்ததாகும் என்பது நம் கருத்து.

அங்ஙனம் வகுக்குங்கால் ஆணையோடு காப்பும் உடன்வருதல் வேண்டும். நிறத்தை விடுத்து உடல் நலத்தையும் தொழில் திறத்தையும் அளவுகோலாகக் கொண்ட இனப்பெருக்கமும், குட்டிகளின் செவிப்புலன் ஆய்வும், வழிவழியாக வளர்த்துவரும் ஊரார்க்கு உதவியும் அக்காப்பின் கூறுகளாம். இவை இல்லையாயின் அவ்வறிவிப்பு பெயரளவில் நின்றுவிடும். கோவிவனின் பெயரைக் கல்லிற் பொறித்தோர் அது செய்த காவலைக் கண்டே பொறித்தனர். நாமும் அவ்வாறே உயிரின் நலத்தையும் செயலையும் முதலிற் பேணி, அதன் பின்னரே பெயரை அடையாளமாக ஏற்றல் தகும்.