சட்டைப்பைத் துப்பாக்கி

அமெரிக்காவில் தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துச் செல்வோர் பலர். வீட்டில் கிடக்கும் பெரியதைவிடக் கையோடிருக்கும் சிறியதே மேல் என்பர் ஒரு சாரார். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் 1908-இல் வெளியிட்ட 6.35 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குழல் 2 அங்குலமே, சட்டைப்பையில் அடங்கிவிடும்.

மறுசாரார் கூறுவது வேறு. குழல் குறுகினால் குண்டின் வேகம் குறையும். குறிபார்ப்பதில் நேரும் சிறு பிசகும் பெரும் விலகலாகும். எடை குறைந்தால் பின்னுதைப்பு மிகும். ரூகர் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எல்.சி.பி. ஏறத்தாழ 270 கிராமே; சுமப்பது எளிது, சுடுவது கடினம் என்பர்.

ஆகவே, சிறு துப்பாக்கி புதியவர்க்கு ஏற்றதென எண்ணுதல் தவறு. அதற்கே பயிற்சி மிகுதியும் வேண்டும். குறி தவறிய குண்டு அயலார் உயிரைப் பறிக்குமன்றோ!