பச்சையா, சிவப்பா? பிள்ளையைத் திட்டாதீர்கள்!

"கண்ணு நல்லாத்தானே இருக்கு, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தாய்மார்கள் உண்டு. நிஜமாகவே சில பிள்ளைகளுக்கு அது தெரியாது. கவனக்குறைவும் அல்ல, குறும்பும் அல்ல, பிறவியிலேயே வருவது. நிறக்குருடு என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலோருக்குப் பார்வை தெளிவாகவே இருக்கும். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவைதான் ஒன்றோடொன்று குழம்பும்.

இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது. அம்மாவுக்கு எல்லா நிறமும் சரியாகத் தெரியும். ஆனாலும் அவள் வழியாக மகனுக்கு வந்துவிடும். தாய்வழித் தாத்தாவுக்கு இருந்தால் பேரனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதற்காக, "உங்க வீட்டுச் சீர்" என்று மருமகளைக் குத்திக்காட்ட வேண்டாம்! மருந்து மாத்திரையால் இது மாறாது. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் காட்டி, கண் மருத்துவர் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் ஆரணியில் நிறம்தான் பிழைப்பு. பட்டுப்புடவை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் நிறம் நிறமாக வரைந்து, அதைப் பார்த்துத்தான் அட்டை அடிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அரக்கும் கரும்பச்சையும் ஒன்றாகவே தெரியும். "இவன் தறிக்கு லாயக்கில்லை" என்றார்கள் வீட்டில். அவன் அம்மா விடவில்லை. அரக்கு நூல் தார் வைக்கும் கூடையில் ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு முடிச்சு என்று கயிறு கட்டினாள். டிசைன் தாளில் அரக்குக் கட்டத்தில் பெருக்கல் குறி, பச்சையில் புள்ளி. இப்போது அவன் கை தடுமாறுவதில்லை.

அரசாங்கமும் இதே சூட்சுமத்தைக் கையாண்டிருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்தது. நிறம் குழம்புகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 2020-ல் வந்த விதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாறியது. நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும்.

நிறக்குருடு என்று சொல்லி, நம் மாநில மின் கழகத்தில் உதவிப் பொறியாளர் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு, பொருத்தமான பிரிவில் வேலை தரும்படி 2023-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே "எதிர்காலமே போச்சு" என்று கலங்க வேண்டாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

• கலர் பென்சில் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

• "பச்சை மாத்திரை காலையில், சிவப்பு ராத்திரியில்" என்று சொல்லாதீர்கள். டப்பாவில் சூரியனும் பிறையும் வரைந்து வையுங்கள்.

• கோலமோ எம்பிராய்டரியோ, சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்த்தியாகவும் இருக்கட்டும். நடுவே வெள்ளைக் கோடு இழுத்தால் இன்னும் நல்லது.

• பழம் கனிந்ததா என்று தொட்டும் முகர்ந்தும் பார்க்கப் பழக்குங்கள்.

• செங்குத்தான சிக்னல் கம்பத்தில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று இடத்தை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

• பள்ளி ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸ் எழுத்து இவர்களுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளையில் எழுதச் சொல்லுங்கள். தேசப்படத்தில் நிறத்தோடு கோடும் புள்ளியும் சேர்த்தால் போதும்.

நிறத்தோடு கூட இன்னொரு அடையாளம் வைப்பதற்குக் காசு செலவில்லை. ஆனால் "மண்டு" என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்ட பிள்ளை மனசிலிருந்து அதைத் துடைப்பது லேசான காரியமா, சொல்லுங்கள்?