மலை ஏரியில் மோட்டார்ப் படகு

தென் அமெரிக்காவில், பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் எல்லையில் டிட்டிகாகா என்னும் பெரிய ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 3,810 மீட்டர். இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'யாவரி' என்ற நீராவிக் கப்பல் பகுதி பகுதியாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டிஸ் மலையேறி வந்து, 1870-இல் இவ்வேரியில் மிதந்தது. 1914-இல் அதற்கு எண்ணெய் இயந்திரம் பொருத்தப்பட்டது.

கடற்கரையில் நன்றாக ஓடும் மோட்டார்ப் படகை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? வேகம் குன்றும், கரும்புகை கக்கும். பழுது ஏதுமில்லை. பின் ஏன் இவ்வாறு?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கடற்கரையில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ, டிட்டிகாகாவில் சுமார் 0.8 கிலோ. மலைக்காற்றிலும் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றே அடர்த்தி குறைந்தது. இயந்திரத்தின் சிலிண்டரோ அதே கொள்ளளவு உடையது. எனவே ஒவ்வொரு உறிஞ்சலிலும் மூன்றில் இரண்டு பங்கு காற்றே உள்ளே செல்லும். 30 குதிரைத்திறன் உள்ள இயந்திரம் இங்கே ஏறக்குறைய 20 குதிரைத்திறனே தரும்.

காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. மிகுந்த பெட்ரோல் அரைகுறையாக எரிந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது. 'ஜெட்' எனப்படும் எரிபொருள் துளையைச் சிறியதாக மாற்றினால் இது தீரும். மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் இயந்திரங்கள் காற்றழுத்தத்தை அறிந்து தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால், இழந்த திறன் இவற்றால் மீளாது. காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போசார்ஜரே அதை ஈடுசெய்யும்.

இன்னொன்றும் உண்டு. மலையில் காற்று மெலிகிறது; தண்ணீர் மெலிவதில்லை! படகின் சுழல்விசிறி அதே கனமான நீரைத்தான் தள்ளவேண்டும். வலுவிழந்த இயந்திரம் உரிய சுழற்சி வேகத்தை எட்டாமல் திணறும். புரியிடைத்தூரம் குறைந்த விசிறியைப் பொருத்தினால் இயந்திரம் தடையின்றிச் சுழலும். சுமையையும் குறைக்கவேண்டும். குளிர்ந்த ஏரியில் புயற்காற்று எழும்போது, கரை சேரும் வலிமை படகுக்கு மிச்சமிருக்க வேண்டும் அல்லவா?

மலையிறங்கும்போது மறக்கக்கூடாத ஒன்று: பழைய ஜெட்டைத் திரும்பப் பொருத்தவேண்டும். சிறிய துளையோடு கடற்கரையில் முழு வேகத்தில் ஓட்டினால், காற்று மிகுந்து பெட்ரோல் போதாமல் இயந்திரம் அளவுமீறிச் சூடேறும். பிஸ்டனே உருகி ஓட்டை விழலாம். மலையில் புகையோடு போகும் தவறு, கடற்கரையில் இயந்திரத்தையே பலிகொள்ளும்.