சண்டையைக் காட்டுகிறார்கள், காலிக் குடத்தைக் காட்டுவதில்லை

தெருக்குழாய். வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். இரண்டு பெண்கள் ஒருவர் கொண்டையை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். பக்கத்துத் திண்ணையில் நகைச்சுவை நடிகர் உட்கார்ந்து ரசிக்கிறார். தியேட்டர் சிரிக்கிறது. அரை நிமிடத்தில் கதை கதாநாயகனிடம் போய்விடுகிறது. தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாக எடுத்துத் தீராத காட்சி இது. அந்தக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்று மட்டும் எந்தப் படமும் சொல்வதில்லை.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இந்தக் காட்சிக்குச் சிரிக்க முடியாது. முன்னால் கடல், பக்கத்தில் உப்பளம், கரையோரம் தோண்டினால் உவர்நீர். நகரத்துக்குக் குடிநீர் வல்லநாட்டில் இருந்து வர வேண்டும், தாமிரபரணி தர வேண்டும். வெயில் ஏறுமுன் உப்பளத்துக்குக் கிளம்ப வேண்டியவள் ஒருத்தி. வள்ளங்கள் கரைபிடிக்கும் நேரத்துக்கு மீன் ஏலத்தில் நிற்க வேண்டியவள் இன்னொருத்தி. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே குழாயில் தண்ணீர் வந்தால், முந்தி வைத்த ஒரு குடம் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். அங்கே கிளம்பும் வசவுக்குப் பின்னால் இருப்பது குணக்கேடு அல்ல, வயிற்றுப்பாடு.

யாருக்காக இந்தச் சண்டை?

பெண்களுக்குள் போட்டி என்றால் திரை முதலில் தேடுவது ஓர் ஆணைத்தான். 1958-இல் வந்த எஸ்.எஸ். வாசனின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனம் தமிழ்த் திரையின் பொக்கிஷம். இரண்டு பெரும் கலைஞர்கள் தங்கள் வித்தையின் உச்சத்தை அதில் தொட்டார்கள். ஆனால் கதையில் அந்தப் போட்டியின் முடிச்சு ஜெமினி கணேசன். இடையில் ரசித்துக் குரல் கொடுப்பவர் பி.எஸ். வீரப்பா. அவர் சொன்ன வசனம்தான் ஊர்வாயில் நிலைத்தது.

நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து ‘படையப்பா’ வந்தது. நீலாம்பரியாக ரம்யா கிருஷ்ணன் காட்டிய கம்பீரம் இன்றும் பேசப்படுகிறது. அத்தனை ஆற்றலும் தன்னை விரும்பாத ஒருவன் மீதுள்ள ஆத்திரமாகவும், அவன் விரும்பிய வசுந்தரா மீதுள்ள பகையாகவும் கரைந்துபோகிறது. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ‘டைனஸ்டி’ தொடரில் ஒருவனின் முன்னாள் மனைவியும் இந்நாள் மனைவியும் 1983-இல் அல்லிக் குளத்தில் உருண்டு சண்டை போட்டதைத்தான் அந்தத் தொடரின் அடையாளமாக உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

நம் சீரியல்கள் இதை அன்றாடத் தொழிலாக்கின. ஒரே வீடு, நாலைந்து பெண்கள், தினமும் ஒரு எபிசோட். மாமியார் கை ஓங்கினால் இடி முழங்கும், மருமகளின் முகம் மூன்று தடவை திரும்பத் திரும்ப வரும், ‘தொடரும்’ போடுவார்கள். அறை விழுந்ததா என்று தெரிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். சீரியலுக்கு வேண்டியது ஓயாத பகை. அந்த வீட்டின் சொத்து யார் பேரில் இருக்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தால் பகை வேறு பக்கம் திரும்பிவிடும். அதனால் அந்தக் கேள்வி கதைக்குள் வருவதே அரிது.

கரிசல் காட்டிய வழி

இந்த மாவட்டத்தின் மண்ணே வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. கோமல் சுவாமிநாதன் நாடகமாக எழுதி, 1981-இல் கே. பாலசந்தர் படமாக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டியின் கதை. மைல் கணக்கில் நடந்து தண்ணீர் சுமக்கும் பெண்களை அந்தப் படம் கேலிப்பொருளாக்கவில்லை. சரிதா நடித்த செவந்தியின் கோபம் பக்கத்து வீட்டுக்காரியிடம் நின்றுவிடாமல், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரத்தை நோக்கிப் போகிறது. குடம் ஏன் காலி என்று கேட்ட படம் அது.

கேத்தன் மேத்தாவின் இந்திப் படம் ‘மிர்ச் மசாலா’ (1987) இன்னும் ஒரு படி போனது. சுபேதாரிடமிருந்து தப்பி மிளகாய் அரைக்கும் கூடத்தில் ஒளிந்த சோன்பாயை, உள்ளே இருக்கும் பெண்களே ஏசுகிறார்கள். ‘உன்னால்தான் எங்களுக்கும் ஆபத்து’ என்ற அவர்களின் பயம் நியாயமாகவே காட்டப்படுகிறது. அதனால்தான் கடைசியில் அதே பெண்கள் மிளகாய்ப் பொடியை அள்ளி சுபேதார் மீது வீசும்போது அதை நம்ப முடிகிறது. சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ (2022–24) சீரியலிலும் ஓரகத்திகள் ஒன்றுசேர்ந்து வீட்டை ஆட்டிப்படைக்கும் ஆதி குணசேகரனை எதிர்த்தார்கள். தமிழ்நாடே உட்கார்ந்து பார்த்தது. மாமியார்–மருமகள் பகை இல்லாவிட்டால் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்ற சாக்கு அன்றோடு செல்லாமல் போனது.

கரையில் காத்திருக்கும் கதைகள்

தூத்துக்குடி என்றாலே கேமராவுக்கு அரிவாளும் துறைமுகமும் கடத்தலும்தான். வரலாறும் முத்துக்குளித்த ஆண்களைத்தான் எண்ணிவைத்தது, கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை. ‘நீர்ப்பறவை’, ‘கடல்’ படங்களுக்காக மணப்பாட்டுக்கு வந்த கேமரா, திரேஸ்புரம் ஏலத்தில் ஒரு கூடை மீனுக்காக விலை ஏற்றும் பெண்கள் பக்கம் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

அங்கே சண்டை உண்டு. வட்டிக்கு வாங்கிய பணத்தோடு வந்தவளை மொத்த வியாபாரி விலையால் அடிக்க, அவள் ஆத்திரம் பக்கத்தில் நிற்பவள் மேல் பாயும். உப்பளத்தில் கண் கூச, கால் வெடிக்க வேலை பார்ப்பவர்களுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. யாருக்கு முதலில் வேலை கிடைக்கும் என்பதிலும் மனத்தாங்கல் வரும். மறுநாள் காய்ச்சலில் கிடப்பவளின் பிள்ளைக்குச் சோறு போடுவதும் நேற்று சண்டை போட்டவளாகவே இருக்கலாம். இதை விடப் பெரிய நாடகம் எழுத்தாளருக்கு எங்கே கிடைக்கும்?

பெண்களைச் சண்டையே போடாத தெய்வங்களாகக் காட்ட வேண்டியதில்லை. எதற்காகச் சண்டை, அதில் யாருக்கு லாபம், மறுநாள் அவர்கள் எப்படி முகம் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற மூன்றையும் எழுதினால் போதும். அப்படி எழுதப்படும் சண்டையில் கொண்டையைப் பிடித்து இழுத்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். குழாயைத் திறக்காதவர் யார் என்று கேட்பார்கள்.