லைக் போடும் கட்டைவிரலே... கொஞ்சம் நில்லு!

காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்க்கச் சொல்வார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இப்போதும் உள்ளங்கையைத்தான் பார்க்கிறோம். ஆனால் அதில் போன் இருக்கிறது! 'ராத்திரி போட்ட போட்டோவுக்கு எத்தனை லைக் வந்திருக்கு?' என்று எண்ணி முடித்த பிறகுதான் பல் தேய்க்கவே எழுந்திருக்கிறோம். 'நான் அப்படியில்லை' என்கிறீர்களா? சந்தோஷம். உங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் அப்படி இருப்பார். அவருக்காகவாவது படியுங்கள்.

சித்த வைத்தியருக்கும் லைக்குக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. காஞ்சிபுரத்தில் என்னிடம் 'தூக்கம் வரலை, கண் எரியுது, நெஞ்சு படபடங்குது' என்று வருகிறவர்களிடம் நாடி பார்த்த கையோடு, 'ராத்திரி போனை எத்தனை மணிக்குக் கீழே வைக்கறீங்க?' என்று கேட்பேன். பலரிடமிருந்து சிரிப்புதான் பதிலாக வரும்.

இந்தக் கட்டைவிரல் ஒன்றும் ரொம்பப் பழசு இல்லை. ஃபேஸ்புக்கில் அது வந்தது 2009 பிப்ரவரியில். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜஸ்டின் ரோசன்ஸ்டைன். அவரே பிற்பாடு, தன் போனில் புதிதாக எந்த ஆப்பையும் ஏற்ற முடியாதபடி, குழந்தைகளுக்காக இருக்கும் பூட்டைத் தனக்கே போடச் செய்தார் என்று 2017-ல் செய்தி வந்தது. சமைத்தவரே சாப்பிடப் பயந்தால் எப்படி!

அது இருக்கட்டும். லைக்குக்கு என்னதான் அர்த்தம்? 'பிடிச்சிருக்கு' என்பது அகராதி அர்த்தம். நம் ஊரில் வேறு அர்த்தங்கள் உண்டு. 'பார்த்துட்டேன், கோவிச்சுக்காதே' என்பது ஒன்று. 'என் பொண்ணு சடங்கு போட்டோவுக்கு நீ போட்டே, உன் கிரகப்பிரவேசத்துக்கு நான் போடறேன்' என்பது இன்னொன்று. இது சாட்சாத் மொய்தான்! நோட்டு மட்டும் போனுக்குள் இருக்கிறது. யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று மனசு ராத்திரி முழுக்கக் கணக்குப் பார்க்கிறது. நாத்தனார் போடலை, ஓரகத்தி போடலை... அவர்கள் அடுப்படியில் இருந்திருக்கலாம். அந்தப் படம் அவர்கள் கண்ணிலேயே படாமலும் இருந்திருக்கலாம். யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது கம்பெனியின் கம்ப்யூட்டர்தானே! இது தெரியாமல் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

துக்க விஷயம் இன்னும் மோசம். 'அப்பா காலமானார்' என்று ஒருவர் போட்டாலும், அதற்கும் கட்டைவிரலைத்தான் தூக்க முடியும் என்ற நிலைமை 2016 வரை இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அழுகிற முகம், கோப முகம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். சாவு வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? கையைத் தொட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த அரைமணி நேரத்துக்கு எந்தப் பொத்தான் ஈடு?

எங்கள் ஊர் நெசவாளர் ஒருவர் கழுத்து வலிக்காக வந்தார். குழித்தறியில் உட்கார்ந்து, கோர்வை போட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் உழைத்த புடவையை மகன் போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறான். 'ஆயிரம் பேருக்கு மேல கட்டைவிரலைத் தூக்கினாங்க சார். ஒருத்தரும் விலை கேக்கலை' என்றார். கழுத்துக்குத் தைலம் கொடுத்தேன். இந்த வலிக்கு என்ன கொடுப்பது? பட்டைத் தொட்டுப் பார்த்து, ஜரிகையைத் திருப்பிப் பார்த்து எடுக்கிற சரக்கு அது. விசைத்தறிப் புடவையும் காஞ்சிப் பட்டும் போட்டோவில் ஒரே மாதிரிதான் மினுக்கும், லைக்கும் ஒரே மாதிரிதான் விழும்.

கோவில் விஷயமும் அப்படித்தான். 1979-ல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது நான் பள்ளிக்கூடப் பையன். கூட்டத்தில் எல்லாருடைய கையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை மறுபடி காட்சி தந்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். கைகள் அப்போதும் தலைக்கு மேலேதான். என்ன, கைக்கு ஒரு போன்!

இனி வைத்தியன் என்ற முறையில் என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், நமக்குப் பக்கத்து மாவட்டமான சித்தூரில் சுமார் பத்துப் பேர், குழந்தைகள் உள்பட, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஊமத்தை விதை கொரோனாவைத் தடுக்கும் என்று டிக்டாக்கில் வந்த வீடியோவை நம்பி அரைத்துக் குடித்ததால் வந்த வினை. ஊமத்தங்காய் முள்முள்ளாக, டி.வி.யில் காட்டிய கிருமிப் படம் போலவே இருக்கும். போதாதா! நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக்குக்கே இந்தியாவில் தடை வந்தது. ஆனால் அந்த மாதிரி வீடியோக்கள் இடம் மாறினவே தவிர, நின்றுபோகவில்லை.

ஊமத்தை எங்களுக்கு மருந்துச் செடிதான். அதன் இலைச்சாறு சேர்ந்த மத்தன் தைலத்தைப் புண்ணுக்கு மேலே போடுகிறோம். ஆனால் விதை விஷம். நாக்கு வறளும், கண்பாவை விரியும், புத்தி பேதலிக்கும், அளவு மீறினால் உயிரே போகும். சுத்தி முறை, அளவு, துணை மருந்து எல்லாம் பார்த்துத்தான் எங்கள் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். 'இத்தனை ஆயிரம் பேர் லைக் போட்டிருக்காங்களே டாக்டர்' என்று என்னிடமே வாதாடுகிறவர்கள் உண்டு. போட்டவர்களில் யாரும் அதைக் குடித்துப் பார்த்துப் போடவில்லை ஐயா! கட்டைவிரல் என்றால் நமக்கு இன்னொரு ஞாபகம் வர வேண்டாமா? பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வைத்த கைநாட்டு!

'அப்படியானால் திட்டி எழுதலாமே' என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். ஃபேஸ்புக் 2017-லிருந்து சாதாரண லைக்குக்கு ஒரு மதிப்பு என்றால், கோப முகம் உள்ளிட்ட மற்ற முகங்களுக்கு ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்திருந்தது. கோப முகத்தின் மதிப்பை 2020-ல்தான் பூஜ்யமாக்கினார்கள். 2021-ல் வெளியான அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்களில் வந்த விவரம் இது. இன்றைக்கும் நீங்கள் கோபமாக எழுதுகிற கமென்ட் அந்தப் பதிவுக்கு உரமாகிவிடலாம். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் போன் போட்டு, 'அண்ணே, அது விஷம், எடுத்துடுங்க' என்று சொல்லுங்கள். தெரியாதவர் என்றால் புகார் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2016-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 13 முதல் 18 வயதுக்காரர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தங்கள் படத்துக்கு நிறைய லைக் வந்ததைப் பார்த்ததும் மூளையில் சந்தோஷத்துக்கான பகுதி சுறுசுறுப்பானது. ஏற்கெனவே அதிக லைக் வாங்கிய படத்துக்கே அவர்களும் லைக் போட்டார்கள். வளர்கிற வயது, பாவம்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, சிறுநீர், மலம், கண்ணீர் என்று உடம்பு தானாகக் கேட்பவை. இவற்றை அடக்கினால் நோய் வரும். போனோடு இருக்கும்போது கவனியுங்கள். கொட்டாவி வந்தும் படுக்க மாட்டோம், பாத்ரூம் போகணும் என்றாலும் 'இதோ, இந்த ஒண்ணு மட்டும்' என்போம். உடம்பு கேட்பதை அடக்கிவிட்டு, அது கேட்காததற்கு ஓடுகிறோம்.

என்ன செய்யலாம்? போனில் லைக் வந்ததும் 'டிங்' என்று அடிக்கிற சத்தத்தை நிறுத்துங்கள். இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி 2021-லேயே வந்துவிட்டது, பிள்ளையிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுக்கும். படுக்கிற அறைக்குள் போன் வேண்டாம். அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்குங்கள். கண் எரிச்சலுக்கு வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியல். எண்ணெய்க் கையோடு போனைத் தொட முடியாதே, அது உபரி லாபம்! தூக்கத்துக்கு வெதுவெதுப்பான பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. ஒரே சிட்டிகைதான், கூடினால் மயக்கம் வரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

பிள்ளை சாப்பாட்டில் நாட்டமில்லாமல், யாரோடும் பேசாமல், போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால் கஷாயம் தேடி என்னிடம் வர வேண்டாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.