காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்ட இரும்பு மலை... தெரியுமா?

"தேடியது போதும், கைவிடுகிறோம்" என்று ஓர் அதிகாரியிடம் சொல்லப் போனவர், இந்தியாவின் தலைசிறந்த இரும்பு மலைகளில் ஒன்றைக் கண்டுகொண்டு திரும்பினார், தெரியுமா? அவர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் மகன் தொராப்ஜி. காலம் 1903-04, இடம் நாக்பூர். சாந்தா மாவட்டத்தில் சார்லஸ் வெல்டு என்ற அமெரிக்க நிலவியலாளருடன் இரும்புத் தாது தேடி அலைந்தாயிற்று. தாது இருந்தது, ஆனால் ஆலை வைக்கும் அளவுக்குத் தோதான நிலக்கரி பக்கத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் அரசுச் செயலகத்துக்குப் போனார். பார்க்க வேண்டியவர் இல்லை. நேரத்தைப் போக்க எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். சுவரில் மத்திய மாகாணத்தின் நிலவியல் வரைபடம். அதில் துர்க் பகுதியின் மேல் இரும்பைக் குறிக்கும் அடர்ந்த நிறம்!

போய்ப் பார்த்தால், தல்லி, ராஜ்ஹரா என்று இரண்டு குன்றுகள். வெல்டும் தொராப்ஜியும் ஏறி நடக்க நடக்க, காலடியில் உலோகத்தை மிதிப்பது போன்ற ஓசை கேட்டதாம். அறுபது சதவீதத்துக்கும் மேல் இரும்பு உள்ள தாது, மண்ணுக்கு மேலேயே மலையாக நின்றுகொண்டிருந்தது.

சரி, அந்த இரும்பை முதலில் பதிவு செய்தது யார்? அங்கேதான் கதை இன்னும் சுவையாகிறது. பிரமத நாத் போஸ் என்ற வங்காளி, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் அதிகாரி. 1887-இலேயே ராய்ப்பூரின் மேற்குப் பகுதியில் மக்கள் நடத்திவந்த நாட்டு இரும்பு உலைகளைப் பற்றி எழுதி, அந்தத் தாதுவைப் பதிவில் ஏற்றியவர் அவர்தான். பிறகு, பணியில் தன்னைவிடப் பத்தாண்டு இளையவரான ஓர் ஆங்கிலேயரைத் தனக்கு மேலே தலைவராக உட்கார வைத்ததால் வேலையை விட்டுவிட்டு மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் சும்மா இருந்தாரா? கோருமஹிசானி மலையில் அருமையான இரும்பு இருக்கிறது என்று 1904 பிப்ரவரி 24 அன்று ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார்! நிலக்கரியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருந்ததால் டாடா குடும்பத்தினர் அங்கே திரும்பினார்கள். ஜாம்ஷெட்பூர் பிறந்தது அந்தக் கடிதத்தால்தான். இந்தியாவின் இரண்டு பெரிய உருக்காலைகளுக்குப் பின்னால் ஒரே மனிதரின் கால் நடந்த வழி இருக்கிறது. இவர் பெயரை நம் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது ஆலை எது என்று கேட்கிறீர்களா? அதற்கு நம் ஆவடிக்கு வர வேண்டும்!

டாடா விட்டுவிட்டுப் போன தல்லி ராஜ்ஹரா அரை நூற்றாண்டு காத்துக் கிடந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயமே நம் இலக்கு என்று தீர்மானம் போட்டது அங்கேதான். அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று, பிலாய் உருக்காலைக்காக சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலை எரிந்தது. அந்த உலைக்குத் தீனி எங்கிருந்து? தல்லி ராஜ்ஹராவிலிருந்து!

இன்னும் கேளுங்கள். இந்திய ரயில்வேயின் தண்டவாளங்களில் மிகப் பெரும்பகுதி பிலாயில் உருட்டப்பட்டவை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ நடைமேடையில் மின்சார ரயிலுக்கு நிற்கும்போது, நின்ற இடத்திலிருந்தே எதிரே உள்ள தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். துருவுக்கு நடுவே எழுத்துகள் புடைத்துத் தெரியும். தண்டவாளத்தின் எடைப் பிரிவு, உருட்டிய ஆலை, மாதம், ஆண்டு எல்லாம் அதில் உண்டு. அதில் பி.எஸ்.பி. என்று இருந்தால் அது பிலாய் உருக்காலை. போஸ் 1887-இல் எழுதிவைத்த மலையின் துண்டு, பட்டரவாக்கத்துக்கும் திருநின்றவூருக்கும் உங்களைத் தினமும் சுமந்து போய்க்கொண்டிருக்கலாம்!

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களில் வளர்ந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியே ஓட்டிக் காட்டிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என்று இந்தப் பக்கம் முழுக்க இரும்பால் வாழ்கிற பூமி. ஆனால் இங்கே ஒரு சுரங்கம்கூட இல்லை. அப்படியானால் இந்த மண்ணுக்கும் இரும்புத் தேடலுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, அதுவும் உலகப் புகழ்பெற்ற தொடர்பு.

இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங். இருவரும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காரர்கள். சென்னையைச் சுற்றியுள்ள செம்பாறைச் சரளையை வரைபடமாக்குவதும் அவர்கள் வேலையில் ஒன்று. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அந்தச் சரளைக்குள்ளிருந்து பூட் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடாரி! இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு அதுதான் முதல் சான்று. அதே ஆண்டு செப்டம்பரில் பூட்டும் கிங்கும் சேர்ந்து பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இதே ஜோடி 1864-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னார்க்காடு பகுதிகளின் நிலவியல். கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலைப் பக்கத்து இரும்புப் படுகைகளை வரிசையாக விவரித்த ஆய்வு அது! கோடாரியைக் கண்டெடுத்த அதே கண்கள்தான் தமிழகத்தின் இரும்பு மலைகளையும் எடைபோட்டன. தேடப் பழகிய கண் வழியில் கிடக்கிற எதையும் விடாது போலிருக்கிறது.

செங்குன்றம், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு கட்டத் தோண்டும்போது வரும் அந்தச் சிவந்த சரளையும் இரும்பால்தான் சிவந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி வாட்டி, கரைவதெல்லாம் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் மண்ணில் தங்கிவிட்டன. ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் தாது ஆகிவிடாது. மெல்லிய படலம், இரும்பும் போதாது, களிமண் கலப்பு வேறு. தேடலின் முதல் கட்டத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமே இதுதான்: நிறம் அழைக்கும், நம்பிவிடக் கூடாது.

காந்தத்தை நம்பலாமா? வீடு கட்டக் கொட்டிய ஆற்றுமணல் குவியலில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி இழுத்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். காந்தம் முழுக்கக் கறுப்பாக, முள் முள்ளாக நிற்குமே, அது என்ன? லேத் பட்டறைக்குப் பக்கத்து மணல் என்றால் இரும்புச் சீவலும் இருக்கும். மற்றபடி பெரும்பாலும் மேக்னடைட், சுத்தமானால் 72 சதவீதம் இரும்பு கொண்ட கனிமம்! மலைப்பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றோடு வந்த மணிகள். ஓடை மணலில் கருமணல் கூடினால் மேலே எங்கோ அதன் தாய்ப்பாறை இருக்கிறது என்று, அதைப் பிடித்துக்கொண்டே ஓடையில் மேல்நோக்கி நடப்பது தேடலின் மிகப் பழைய வழிகளில் ஒன்று. சேலம் பக்கத்து நாட்டு உலைக்காரர்கள் அந்தக் கருமணலை அலசி எடுத்துத்தான் உருக்கினார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்ததே, அந்த மனிதர்களும் யாரோ ஒரு நிலவியலாளர் சொல்லிக் கேட்டவர்கள் அல்லவே! மண்ணைப் பார்த்தார்கள், கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள், கனம் தெரிந்தது.

கஞ்சமலைப் பாறையை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக்கோடு, வெள்ளைக்கோடு, மறுபடி கறுப்புக்கோடு என்று பவானி ஜமக்காளத்தைப் போலப் பட்டை பட்டையாக இருக்கும். கறுப்பு மேக்னடைட், வெள்ளை குவார்ட்ஸ். இப்படிப்பட்ட பட்டைப் பாறைகள் உலகெங்கும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏராளமாக உண்டாயின. அப்போதைய கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. ஒளிச்சேர்க்கை செய்யக் கற்றுக்கொண்ட நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளிவிட, அது இரும்போடு சேர்ந்து, அடியில் படிந்து படிந்து பாறையானது. நாம் மூச்சுவிடும் காற்று உருவாகத் தொடங்கிய காலத்தின் கணக்குப் புத்தகம் சேலத்தில் மலையாக நிற்கிறது!

அந்த மலையை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது குறைவில்லை. உலைக்குக் கரி வேண்டுமே! காட்டை வெட்டிக் கரியாக்கிக் கட்டுப்படியாகவில்லை, ஆலை நொடித்துப் போனது. சேலத்திலேயே பின்னாளில் அரசு உருக்காலை வந்தது. அதுவும் கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக அமையவில்லை. கஞ்சமலையில் இரும்பு 30 முதல் 40 சதவீதம்தான். பொடித்து, காந்தத்தால் பிரித்தால்தான் உலைக்கு ஆகும்.

வெளியுலகில் இன்னும் வியப்பு! ரஷ்யாவின் கூர்ஸ்க் சமவெளியில் காம்பஸ் முள் வடக்கைக் காட்ட மறுக்கிறது என்று 1773-இலேயே கவனித்தார்கள். கீழே இரும்பா என்ற சந்தேகம் ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. 1923-இல் துளையிட்ட பிறகுதான் மேக்னடைட் வெளியே வந்தது. 1967 ஜூலை 31 அன்று பிரேசிலின் அமேசான் காட்டில், மாங்கனீசு தேடிப் போன பிரெனோ தோஸ் சாந்தோஸ் என்ற நிலவியலாளரின் ஹெலிகாப்டர் ஒரு வெட்டவெளியில் இறங்கியது. இவ்வளவு அடர்ந்த காட்டில் மரமே இல்லாத திட்டு எப்படி வந்தது? தரை முழுக்க இரும்புப் பாளம், வேர் இறங்க வழியில்லை! உலகின் மிகப் பெரிய இரும்புத் தாதுப் பகுதிகளில் ஒன்றான கராஜாஸ் அப்படித்தான் கிடைத்தது.

இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. நம் நாட்டில் தேடலை ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஜி4 என்றால் இப்போதுதான் மோப்பம் பிடிக்கிறோம் என்று பொருள். விமானத்தில் காந்தமானியை ஏற்றிப் பறப்பது, செயற்கைக்கோள் படம், பிறகு சுத்தியலும் காம்பஸுமாக நடை. நம்பிக்கை பிறந்தால் குழியும் பள்ளமும் தோண்டி மாதிரி எடுப்பார்கள். அதன் பிறகே வைரமுனை வைத்த துளைக்கருவி இறங்கும். உள்ளிருந்து உருளையாக வரும் பாறைக்குக் கோர் என்று பெயர். மீட்டர் கணக்கில் குறியிட்டு நீளப் பெட்டிகளில் அடுக்கி, நெடுக்குவாட்டில் அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பத்திரப்படுத்துவார்கள். ஆய்வுக்கூடம் இரும்பை மட்டுமா பார்க்கும்? சிலிக்கா, அலுமினா, பாஸ்பரஸ் எவ்வளவு என்றும் பார்க்கும். பாஸ்பரஸ் கூடினால் எஃகு பொருபொருவென்று உடையும்! இத்தனையும் செய்த பிறகு "இங்கே ஒன்றும் தேறாது" என்று பெட்டியை மூடிவிட்டு வருவதுதான் இந்தத் தொழிலில் அன்றாடம்.

தேறினாலும் எடுத்தே தீர வேண்டுமா? கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்பை மைசூர் நிலவியல் துறையின் சம்பத் ஐயங்கார் 1913-இல் கண்டார். அறுபது ஆண்டுக்குப் பின் சுரங்கம் வந்தது. மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டையும் பத்ரா ஆற்றையும் காக்க உச்ச நீதிமன்றம் சொல்ல, 2005 கடைசியில் மூடினார்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலை, வேடியப்பன்மலை இரும்பை எடுக்கத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். முப்பது, நாற்பது சதவீத இரும்புக்காக ஒரு மலையைப் பொடித்தால், மிச்சத்தையெல்லாம் எந்த ஏரிக்குப் பக்கத்தில் கொட்டுவது?

பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் ஆவடியிலிருந்து திருவள்ளூர் வழியாகப் பூண்டிக்குக் கூட்டிப் போங்கள். தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் அந்தக் கற்கோடாரிகளைப் பார்க்கலாம். வீட்டில் உடைந்த டைல்ஸ் துண்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதன் மெருகில்லாத பின்பக்கத்தில், பிள்ளைகள் பொறுக்கிவரும் கனமான கல்லை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். செக்கச் சிவந்த கோடு விழுந்தால் அதில் ஹெமடைட் இருக்கலாம். கறுப்புக்கோடு விழுந்து காந்தமும் ஒட்டினால் மேக்னடைட். மஞ்சளும் பழுப்புமாக விழுந்தால் துருவின் உறவான கோதைட். செங்குன்றம் பக்கத்துச் சரளை பல நேரம் இந்த மூன்றாவது நிறத்தைத்தான் காட்டும். சந்தேகம் வந்தால் அடுத்த கல்லைத் தேய்க்கச் சொல்லுங்கள்!